பென்சில் யார் கையில்?

வீட்டுக்குள் போக வேண்டுமானால் படி ஏற வேண்டும். அதுதான் நாம் கண்ட வழக்கம். இன்றைக்குச் சென்னையின் பழைய தெருக்கள் பலவற்றில் வீட்டுக்குள் போகப் படி இறங்குகிறார்கள்! இரண்டு படி, மூன்று படி! திண்ணை இருந்த இடம் தெரியவில்லை. சன்னலின் அடிக்கட்டை சாலைக்குச் சமமாக வந்து நிற்கிறது.

வீடு தாழவில்லை, தோழர்களே, சாலைதான் உயர்ந்தது! பழைய தாரைப் பெயர்த்து எடுக்காமல் அதன் தலைமேலேயே புதுத் தார். சில ஆண்டு கழித்து அதன் தலைமேல் இன்னொரு தார். சாலைக்குப் பவிசு, வீட்டுக்குப் பள்ளம்! மழை வந்தால் தெருவில் ஓட வேண்டிய தண்ணீர் அடுப்பங்கரையில் நிற்கிறது. அரிசிப் பானை மிதக்கிறது.

பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு எழுத நேர்ந்தது. ஏன் நேர்ந்தது? அந்தத் தெருவிலேயே ஒரு கொத்தனார் குடியிருக்கிறார். நாற்பது ஆண்டு மட்டம் பார்த்த கண் அவருடையது. "ஐயா, இப்படிப் போட்டால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரும்" என்று அவர் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற ஏற்பாடே இல்லை. தெருவுக்குத் திட்டம் வரைந்தவர் அந்தத் தெருவுக்கு ஒருநாளும் மழையில் வந்தவரல்ல.

இது தாரோடு நிற்கிற கதையும் அல்ல. பெரும்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்து, அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, வாரி எடுத்துக்கொண்டு போய் வைக்கப்பட்ட மக்கள் அங்கே எட்டு மாடிக் கட்டடங்களில் வாழ்கிறார்கள். ஒழுகாத கூரை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் தள்ளுவண்டியில் இட்லி விற்றுப் பிழைத்த தாய், எட்டாவது மாடியில் வண்டியை எங்கே நிறுத்துவாள்? கூடை சுமந்து மீன் விற்றவளுக்கு மின்தூக்கி நின்றுபோன நாளில் என்ன வழி? பட்டணத்து நடுவில் வீட்டு வேலை பார்த்தவள் விடியற்காலைப் பேருந்துக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? வரைபடத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கட்டம் இல்லை. கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் பெரும்பாக்கத்தையும் எந்த ஆட்சி எவ்வளவு கட்டியது என்று கணக்குப் பிரித்துத் தப்பித்துக்கொள்ள நாம் வரவில்லை. இரு தரப்புக் கைகளும் அதில் பட்டிருக்கின்றன. குடிபோகிறவளைக் கலந்து கொள்ளாமலே கோடு போட்டார்கள் என்பதுதான் நம் வழக்கு.

"மக்களைக் கலந்து கொள்வதா? நடக்கிற காரியமா?" என்று கேட்கும் மேதாவிகளுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, 1997-98-ல், 'நமக்கு நாமே' திட்டம் வந்தது. ஊர்மக்கள் ஒரு பங்கு போட, அரசு மறுபங்கு போட, பள்ளிக்கூடமும் பாலமும் குளமும் சாலையும் எழுந்தன. 2007-ல் மீண்டும் வந்தது. 2011-க்குப் பிறகு வந்தவர்கள் பெயரை மாற்றித் 'தன்னிறைவுத் திட்டம்' என்றார்கள். பெயர்தான் மாறிற்று, கருத்தை விட முடியவில்லை! 2021-ல் பழைய பெயரோடு திரும்பியபோது நகரங்களுக்கும் விரிந்தது. ஊர்ப்புறத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் மிகுதியாக வாழும் இடமானால் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்றார்கள். நல்ல சலுகை. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் திட்டம் அது.

பெருமையோடு சொல்கிற அந்தத் திட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. வேண்டியவர்கள் செய்ததன் குறையை வேண்டியவர்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? மக்கள் பங்கு பணத்தில் இருக்கிறது; பென்சிலில் இல்லை! உண்டி குலுக்கி, சீட்டுப் பணம் எடுத்து, தாலிக் குண்டுமணியை அடகு வைத்துக்கூடப் பங்கைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மதிப்பீடு யார் கையில்? அளவு யார் கையில்? சாக்கடை கிழக்கே சாய வேண்டுமா மேற்கே சாய வேண்டுமா என்று முடிவு செய்வது யார்? பணம் கட்டியவன் வாசலில் நிற்கிறான். படம் உள்ளே தயாராகிறது.

இன்னொன்றும் உண்டு. திட்டம் எல்லோருக்கும் பொது என்கிறோம். வசதியானவர்கள் வாழும் குடியிருப்பை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர் இருப்பார். மாலை நேரத்தில் காற்று வாங்கிக்கொண்டே படம் போட்டுக் கொடுப்பார். மதிப்பீடு எழுதத் தெரிந்த மருமகன் இருப்பார். எந்த மேசையில் எந்தக் காகிதம் போக வேண்டும் என்று தெரிந்த நண்பர் இருப்பார். அவர்கள் மனு, முதல் நாளே கச்சிதமாகப் போய்ச் சேரும். பீடி சுற்றுகிறவர்கள் தெருவிலே யார் இருக்கிறார்கள்? அவர்கள் மனுவில், "எங்கள் தெருவுக்குச் சாக்கடை வேண்டும்" என்ற ஒரே வரிதான் இருக்கும். நீளம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, கடைசியில் எந்தக் கால்வாயில் விழும் – இவை தெரிந்தால்தானே மனு திட்டமாகும்! கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது மெய்தான். நுழைவுச் சீட்டு வரைபடம் என்றால், வரைபடம் போடக் காசில்லாதவன் நுழைவது எப்படி?

இதற்குத்தான் உலகத்தின் பல இடங்களில் ஒரு மானியம் கொடுக்கிறார்கள். சிமெண்டுக்கு அல்ல, செங்கல்லுக்கு அல்ல. தெருமக்கள் கூடிப் பேசி, அளந்து பார்த்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே வரைந்து கொள்வதற்காக முன்கூட்டியே கொடுக்கப்படும் சிறு தொகை. திட்ட வரைவு மானியம் என்று அதை நாம் அழைப்போம். அளவெடுக்கிறவருக்குக் கூலி, மண்ணைப் பார்க்கச் செலவு, படம் போடுகிறவருக்கு ஊதியம், படம் பிடிக்காவிட்டால் திருத்தி வரையக் காசு. கூட்டத்துக்கு வரும் சித்தாள் அரைநாள் கூலியை இழக்கிறாளே, அதற்கும் ஒரு வழி. இவ்வளவுதான்.

வீடு கட்டுமுன் வாஸ்து பார்க்கிறவனுக்கு வெற்றிலை பாக்கோடு தட்சிணை வைக்கத் தயங்காத நாடு இது. நீர்மட்டம் பார்க்கிறவனுக்குக் கூலி என்றால் மட்டும், "அது எதற்கு வீண் செலவு?" என்று கேட்கிறது!

வீண் செலவா என்பதற்குக் கராச்சி நகரம் சாட்சி சொல்லும். அங்கே ஒரங்கி என்றொரு பகுதி. பிழைப்புத் தேடி வந்தவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட குடிசைகளும் வீடுகளும் பல லட்சம் மக்களைத் தாங்கி நிற்கும் இடம். சாக்கடை கிடையாது. கழிவு தெருவிலே ஓடும். குழந்தைகள் அதிலே விளையாடும். 1980-ல் அங்கே அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் வந்தார். வெள்ளையர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, 1945-ல் அந்தப் பதவியை உதறிவிட்டு, அலிகாருக்குப் பக்கத்தில் கூலியாளாகவும் பூட்டுச் செய்பவரிடம் தொழில் பழகுபவராகவும் காலம் கழித்தவர். பட்டம் பதவியைத் தூக்கி எறிந்ததாக மேடையில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். எறிந்துவிட்டுப் பூட்டுப் பட்டறைக்குப் போனவரைப் பார்ப்பது அரிது.

அவர் மக்களிடம் கேட்டார். "சர்க்கார் சாக்கடை கட்டித் தரவேண்டும்" என்றார்கள். சர்க்கார் கணக்குப்படி ஆகும் செலவோ மலையளவு. அதிலே கண்டிராக்டர் இலாபம் எவ்வளவு, கைமாறுவது எவ்வளவு, உண்மையான குழாய்க்கும் கூலிக்கும் ஆவது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். கட்டும் முறையை எளிதாக்கினார்கள். ஆள் இறங்கும் தொட்டியை அங்கேயே வார்க்க இரும்பு அச்சுச் செய்து இரவலாகக் கொடுத்தார்கள். செலவு சர்க்கார் கணக்கில் ஒரு சிறு பங்காக இறங்கிற்று. ஏழையின் பைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கிற்று.

கட்டுமானத்துக்கு அந்த இயக்கம் காசு கொடுக்கவில்லை. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த நிதி, அளவெடுக்கவும் படம் வரையவும் கற்றுக் கொடுக்கவும் மட்டுமே செலவாயிற்று. இருபது, நாற்பது வீடு கொண்ட ஒரு சந்து. அந்தச் சந்துக்கு அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு பொறுப்பாளர். அவர் கையெழுத்துப் போட்டு உதவி கேட்டால், ஒரங்கியிலேயே பயிற்சி பெற்ற இளைஞர்கள் வந்து மட்டம் பார்த்துப் படமும் மதிப்பீடும் கொடுப்பார்கள். பணம் திரட்டுவதும் தோண்டுவதும் குழாய் பதிப்பதும் சந்துக்காரர்கள் வேலை. வீட்டுக் கழிப்பறையும் சந்துச் சாக்கடையும் மக்கள் பொறுப்பு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகும் பெரிய கால்வாய் அரசின் பொறுப்பு. இப்படியே ஏறத்தாழ 1 லட்சம் வீடுகளுக்குச் சாக்கடை வந்தது! கொடுத்தது பென்சில்; கிடைத்தது ஒரு நகரத்தின் சுகாதாரம்.

அந்த வரைபடங்கள் பிறகு வேறொரு வேலையும் செய்தன. கோரங்கி என்ற இடத்தில் கழிவுநீர்த் திட்டத்துக்காக ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 7 கோடி டாலர் கடன் வாங்க ஏற்பாடு நடந்தது. ஏற்கனவே இருக்கும் சாக்கடைகளையும் ஓடைகளையும் வரைந்து வைத்திருந்த இயக்கத்தார், அதைவிட மிகக் குறைந்த செலவில் செய்யும் வழியைப் படம் போட்டுக் காட்டினார்கள். 1999-ல் அந்தக் கடன் திட்டம் கைவிடப்பட்டது. கோஷத்தால் சாயாத கடன், கோட்டால் சாய்ந்தது! இந்தப் பணிக்கு நெடுங்காலம் தோள் கொடுத்தவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். படித்து முடித்ததும் பெரிய கட்டட நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு ஒரங்கிக்கு வந்த பெண்மணி. நகரத்து ஓரத்துச் சிற்றூர் நிலங்களையும், திருட்டுத் தண்ணீர் போகும் வழிகளையும் வரைபடத்தில் ஏற்றி வந்தார். 2013 மார்ச் 13 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடம் என்பது வெறும் காகிதம் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளட்டும்.

தாய்லாந்திலும் 2003-ல் தொடங்கி 'பான் மங்கோங்' என்ற திட்டம் நடந்தது. பயமில்லாமல் குடியிருக்கும் வீடு என்பது பொருள். குடிசைப் பகுதியார் சேமிப்புக் குழு அமைத்து, தங்களைத் தாங்களே கணக்கெடுத்து, கட்டடக் கலைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு மனைகளை வரைந்தார்கள். 2009 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் சிறு வேலைகளுக்கு மூவாயிரம் டாலருக்கு மேற்படாமல் குடிசைப்பகுதி மக்கள் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நடைபாலம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சந்துக்குத் தளம். தொகை சிறிது; ஆனால் எங்கே பாலம் என்று முடிவு செய்தவர்கள் அதிலே நடக்கிறவர்கள்.

கடல் கடந்து அமெரிக்காவையும் பாருங்கள். நியூயார்க்கில் மேட்டிலே கொலம்பியா பல்கலைக்கழகம். பள்ளத்திலே கறுப்பு மக்கள் வாழும் ஹார்லெம். நடுவிலே ஒரு பூங்கா. பூங்கா பொதுச்சொத்து. அதிலே உடற்பயிற்சிக் கூடம் கட்டப் பல்கலைக்கழகம் படம் போட்டது. மேட்டிலே ஒரு வாசல், அது மாணவர்களுக்கு. பள்ளத்திலே ஒரு வாசல், அது ஹார்லெம் மக்களுக்கு! ஒரே கட்டடம், ஊருக்கு ஒரு வாசல், சேரிக்கு ஒரு வாசல்! எங்கோ கேட்ட கதையாக இருக்கிறதல்லவா? 1968 ஏப்ரலில் மாணவர்களும் ஹார்லெம் மக்களும் கிளர்ந்தெழுந்தார்கள். பல்கலைக்கழகக் கட்டடங்களையே மாணவர்கள் கைப்பற்றினார்கள். பூங்காவிலே அந்தக் கூடம் எழவில்லை. அதே ஹார்லெமில் 1964 முதல், மக்கள் பக்கம் நின்று படம் வரையும் கட்டடக் கலைஞர் குழு ஒன்று இயங்கிற்று. 1967-ல் அதற்குத் தலைமை ஏற்றவர் மேக்ஸ் பாண்ட் என்ற கறுப்பினக் கலைஞர். வாசல் எங்கே என்பதைப் படத்திலேயே கண்டுபிடித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் தம் பக்கம் இருக்க வேண்டும் என்று அந்த மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சமூகமே முன்னின்று செய்யட்டும் என்று வெளிநாட்டார் சொல்லும்போது இனிக்கிறது. நம் நாட்டில் 'சமூகம்' என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? "நீங்கள் எந்தச் சமூகம்?" என்று கேட்டால் தெருப்பெயரையா சொல்கிறார்கள்? ஊரார் கூடி வரையட்டும் என்று விட்டுவிட்டால், ஊர்த்தெருவில் சிமெண்ட் தளமும், அந்தத் தெருக் கழிவு போய் விழும் இடத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்பும் அமைந்துவிடும். படத்தைப் பார்த்தால் சாதி தெரியாது; சரிவைப் பார்த்தால் தெரியும்! கலைஞர் 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்து வைத்த முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தை எண்ணிப் பாருங்கள். 100 வீடுகள், ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. தெருவுக்குத் தெரு கலந்து, கூடம் பொது, சுடுகாடு பொது. சாதி ஒழிப்பை முதலில் வரைபடத்தில் எழுதினார்கள். பிறகுதான் கடைக்கால் தோண்டினார்கள். ஆகவே மானியம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை வேண்டும்: தாழ்ந்த இடத்தில் இருக்கும் கடைசி வீட்டுக்காரி கையெழுத்துப் போடாத படம் செல்லாது. முதல் வீட்டுப் பெரிய மனிதர் கையெழுத்து இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. தெரு மேம்பாட்டுக்கென்று ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் முதல் 5 காசு அந்தத் தெருவின் கையில் போகட்டும். பங்குத்தொகை கட்டச் சொல்லுமுன் போகட்டும். எந்த வரைவாளரை வைத்துக்கொள்வது என்று தெரு முடிவு செய்யட்டும். அவர் வேலை பிடிக்காவிட்டால் மாற்றும் உரிமையும் அதற்கே இருக்கட்டும். படம் தமிழில் இருக்கட்டும். அலுவலக அலமாரியில் அல்ல, தெருமுனைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒரு மாதம் ஒட்டியிருக்கட்டும். வரைந்தபின் வேலைக்கு அனுமதி கிடைக்காமல் போனால் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது. படம் தெருவின் சொத்து. அடுத்த ஆண்டு அதைக் காட்டி மறுபடி கேட்பார்கள்.

கண்டிராக்டர் இதை விரும்பமாட்டார். அளவு தெரிந்த தெருவில் அளவு குறைத்துப் போடுவது கடினம். சில அதிகாரிகளும் முகம் சுளிப்பார்கள், "படிக்காதவனுக்கு என்ன பிளான் தெரியும்?" என்பார்கள். படிக்காதவன் கட்டிய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அதையும் கேட்பார்கள்!

அவர்களைவிட நம்மவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை. ஐந்து காசு வருகிறது என்று தெரிந்ததும் வட்டத்தில் செல்வாக்குள்ள தோழர் ஒருவர், "என் மச்சான் படம் போடுவான்" என்று முன்னே வந்து நிற்பார். வரைவு மானியம் கட்சிக்காரர் வீட்டுச் சீர்வரிசை அல்ல. தெருக்கணக்கைத் தெருக்கூட்டத்தில் படித்துக் காட்டாத தோழரை, எவ்வளவு பழைய தோழராக இருந்தாலும், பொறுப்பிலிருந்து விலக்கும் துணிவு கிளைக்கு வேண்டும். இதை எதிர்க்கட்சிக்காரன் எழுதுமுன் நாமே எழுதி வைக்கிறோம்.

கேட்கும் இடம் எது என்று தோழர்கள் வினவலாம். இருக்கிறது. நகர்ப்புறத்து வார்டுகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைய விதி செய்யப்பட்டு, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்தில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலினே உட்கார்ந்து கேட்டார். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு, "சாக்கடை வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு போய் நிற்காதீர்கள்.

நம் கிளைகளில் கொத்தனார் இல்லாத கிளை உண்டா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய் அவரிடம் இருக்கும். ஒரு நூல்கண்டும் அளவு நாடாவும் போதும். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு வாசற்படியும் சாலைக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்து, வீட்டு எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சென்ற மழையில் தண்ணீர் எந்தச் சுவரில் எந்த அளவுக்கு நின்றது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டு, அதையும் குறியுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்து ஒரு படம் வரையட்டும். கோணலாக இருந்தாலும் இருக்கட்டும். அந்த நோட்டோடு போய்ப் பகுதி சபையில் எழுந்து, இதைச் சரியாக வரைய எங்கள் தெருவுக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேளுங்கள்.